அப்பாவுக்கு நான் எடுத்த டியூஷன்

அப்பாவுக்கு வந்தது லேசான ஸ்ட்ரோக் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்த ‘லேசான’ என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை, நாலே நாளில் செங்காங்கில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். கும்பிட்ட சாமி கைவிடவில்லை என்றார் அம்மா. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு, ஆள் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கிறாரே என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பளிச்சென்றுதான் இருந்தார். உள்பாத்திரம் வைக்காமலே ரைஸ் குக்கரில் அரிசியைக் கொட்டினார். லிஃப்டுக்குள் நின்றுகொண்டு எந்த மாடி என்று யோசித்தார். சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் பதினைந்து வருஷம் தலைமைச் சமையல்காரராக இருந்த மனிதர், புளியைக் கரைத்து வைத்துவிட்டு, ரசத்துக்கு அடுத்து என்ன போடுவது என்று என்னிடம் கேட்டார். அம்மாவுக்குப் பகல் முழுக்க வேலை. இதையெல்லாம் பார்த்தது நான் ஒருத்திதான்.

அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் மருத்துவமனைப் பரிசோதனைக்கும் அப்பாவோடு நான்தான் போனேன். அப்போது நான் படித்தது தொடக்கநிலை ஐந்து, ஐந்தாம் வகுப்பு. தமிழ் பேசும் தாதி ஒருவர் ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடிகாரம் வரைந்து மூன்றே கால் காட்டச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். அப்பாவுக்குப் பாதிகூட வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம், அப்போதும் இப்படியே இருந்தால் வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வர வேண்டும், அதுவரை அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைப்பு. எங்கள் பள்ளியிலும் மார்க் குறைந்தவர்களைப் பிடித்துக் கூடுதல் வகுப்பில் உட்கார வைப்பார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்போம். என் அப்பா அந்தக் கூட்டத்தில் உட்காருவதா? மானம் போய்விடாதா? கேள்விகள் எனக்கு மனப்பாடமாகியிருந்தன. அம்மாவுக்குத் தெரியாமல் தினமும் பள்ளி விட்டு வந்ததும் டியூஷன் ஆரம்பித்தேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. தப்பாகச் சொன்னால் அதட்டினேன். என்னைப் போல ஒரு கொடுமைக்கார டீச்சர் எனக்கே வாய்த்ததில்லை.

மறுபரிசோதனை அன்று ரயிலில் அப்பா என் பக்கம் குனிந்தார்.

“தெரியலன்னு சொல்லிடட்டுமாம்மா?”

“சொன்னா எக்ஸ்ட்ரா கிளாஸ்ல போட்ருவாங்க. ஒழுங்கா சொல்லுங்கப்பா.”

ஒழுங்காகச் சொன்னார். கேள்விகளும் மாறவில்லை. ஒன்றே ஒன்றுதான் தப்பு. டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்து, பயிற்சி வேண்டாம், வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு எது நினைவைவிட்டுப் போய்விட்டது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தத் தாள். பதினொரு வயசுப் பிள்ளைக்கு அதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் பெருமையில் கொள்ளி வைக்க!

கடையில் மூன்று வாரம்தான் தாக்குப்பிடித்தார். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டார், வடைக்கு அரைக்க மறந்தார். ஒருநாள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பின்வாசலில் போய் நின்றிருக்கிறார். தீப்பிடித்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் முதலாளி இனி வர வேண்டாம் என்றுவிட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனிதரைக் குடித்துவிட்டு வந்ததாகக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா அவரை நிற்க வைத்துக் கேட்டார்.

“டாக்டரே நல்லா இருக்கீங்கன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. அப்புறம் என்ன மறதி? வேலை செய்ய உடம்பு வணங்கல, நடிக்கிறீங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். சொல்லிவிடுவார், முதுகுத் தோல் உரியப்போகிறது என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை.

“என் தப்புதான்” என்றார் அம்மாவிடம்.

நான் டியூஷன் எடுத்ததையும் அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.