கட்டைவிரலுக்கு ஏற்ற திரை

பெங்களூரு கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தில், காத்திருப்புப் பட்டியலில் என் டிக்கெட் எங்கே நிற்கிறது என்று பார்க்க வரிசையில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. விசாரணை மேசைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டச் ஸ்கிரீன் பெட்டி வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற போர்ட்டர், யாரோ ஒரு பயணிக்காக, தலையில் சும்மாடு இருந்தபடியே ஒற்றை விரலால் நாலு தட்டுத் தட்டினார். கேட்ட விவரம் வந்து நின்றது. பேனா இல்லை, கீபோர்டு இல்லை. என் டிக்கெட் மறந்துபோய், அக்காவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது.

அக்கா எனக்கு உறவு இல்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நடை தூரத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. நோயாளிகளோடு தங்கியிருப்பவர்களுக்குக் காலையில் கஞ்சி ஊற்ற ஒரு தன்னார்வலர் குழு அங்கே உண்டு. அண்டா அக்காவின் பொறுப்பு. முந்தின வருடம் அவர் வீட்டுக்காரர் அங்கே படுத்திருந்தபோது அதே கஞ்சியை வாங்கிக் குடித்தவர். வீட்டுக்காரர் தேறி வீடு திரும்பியதும் கரண்டியின் இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார். நான் பொறியியல் முடித்தவன். வேலைக் கடிதம் கையில் இருந்தது, சேரும் தேதிதான் தள்ளிக்கொண்டே போனது. அந்த வருடம் ஊரில் என்னைப் போல நிறையப் பேர் இருந்தோம். வீட்டில் உட்கார முடியாமல் டம்ளர் அடுக்கப் போய்ச் சேர்ந்தேன்.

வருகைப் பதிவேடு வாசலில், காவலாளியின் மேசையில் இருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டோம். அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் ஸ்டாம்ப் பேடில் விரலை ஒற்றிக் கைநாட்டு வைத்தார்கள். அக்கா அங்கிருந்து நேராக ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போவார். நீல விரலோடு போனால் அந்த வீட்டம்மா, "இன்னைக்கு எந்த பேங்க்ல லோன் வாங்கினே?" என்று கேட்பாராம். சிரித்துக்கொண்டேதான் கேட்பாராம். ஒருநாள் அக்கா மறுத்துவிட்டார்.

"இனிமே அந்த மையில கை வெக்கமாட்டேன் சிஸ்டர். கஞ்சி ஊத்தறதுக்கு எதுக்கு மை?"

சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டது குழுவை நடத்திய, ஓய்வு பெற்ற தலைமை நர்ஸை. "பாஸ் வேணும்னா ரெக்கார்டு வேணும்மா. ரெக்கார்டு இல்லேன்னா அந்த வாச்மேன் என்னையே உள்ள விடமாட்டான்," என்றார். அது உண்மை. மாதக் கடைசியில் வருகையைப் பார்த்துத்தான் அடுத்த மாதத்துக்கான பாஸ் தருவார்கள்.

"அப்ப நான் வரல," என்றார் அக்கா. ஆனால் மறுநாளும் வந்தார். அந்த மாதப் பாஸில் இன்னும் நாள் பாக்கி இருந்தது.

ரயில் நிலையத்திலிருந்து நேராக சிஸ்டரிடம் போனேன். திரையில் ஒவ்வொருவருடைய போட்டோவும் இருக்கும், அவரவர் முகத்தை அவரவர் தொட்டால் போதும், வருகை பதிவாகிவிடும் என்றேன். நன்கொடையில் வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று அலுவலகத்தில் உறை போட்டபடி கிடந்தது. சிஸ்டர் யோசித்துவிட்டு, "ஸ்கிரீனை முதல்ல வாங்கிட்டு வா. வேலை செஞ்சா வெச்சுக்கலாம், இல்லேன்னா திருப்பிக் குடுத்துடணும்," என்றார்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், மாடிப்படிக்கு அடியில் இருந்த கடையில் மட்டும்தான் டச் ஸ்கிரீன் என்று கேட்டதும் சிரிக்காமல் உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்னா சார், ஏ.டி.எம். வெக்கப்போறீங்களா?"

"கஞ்சி ஊத்தற இடத்துல வெக்கணும் பாய்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூன்று வகை காட்டினார். முதலாவது முழுக் கண்ணாடி. உடம்பில் இருக்கும் மின்சாரத்தை உணர்வது, படம் பளிச்சென்று தெரியும். இரண்டாவதில் திரைமேல் மெல்லிய பிலிம் ஒட்டியிருந்தது. எதைக் கொண்டு அமுக்கினாலும் எடுக்கும், ஆனால் படம் கொஞ்சம் மங்கல். மூன்றாவது ஒரு சட்டம். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், எது மறித்தாலும் தொட்டதாகக் கணக்கு.

"ஈ உக்காந்தா?" என்றேன்.

"அதுவும் வாலண்டியர்தான் சார்."

சட்டத்தை விட்டுவிட்டேன். கண்ணாடி பிடித்திருந்தது, அதையே வாங்கினேன். காரணம் கேட்டால், அழகாக இருந்தது என்பதைத் தவிர எதுவும் சொல்லியிருக்க முடியாது.

வாசலில் பிளக் பாயின்ட் இல்லாததால், சமையல்கட்டுக்குள் நுழையும் இடத்தில், கை கழுவும் குழாயைத் தாண்டி மேசை போட்டோம். அங்கே வருவதற்குள் எல்லோரும் பாலிதீன் கையுறை மாட்டியிருப்பார்கள். சிஸ்டரின் சட்டம் அது. கையுறை மாட்டிய பிறகு கழற்றக் கூடாது. அக்கா தன் முகத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார்.

"இன்னா தம்பி, என்னை ஒரு ஆளாவே மதிக்கலையே இது?"

கையுறை போட்ட யாரையும் அது மதிக்கவில்லை. சிஸ்டரும் தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, எல்லாரையும் ஒண்ணாத்தான் நடத்துது," என்றார். அடுத்த நாள் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு பிலிம் ஒட்டியதை வாங்கி வந்தேன்.

இது கையுறையையும் எடுத்தது, ஈரத்தையும் எடுத்தது, ஒருவர் கரண்டிக் காம்பால் தொட்டதையும் எடுத்தது. சனிக்கிழமை மட்டும் வரும் சாஃப்ட்வேர் பையன்களில் ஒருவன் தன் முகத்தைத் தொட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, "இப்ப சந்தோஷமா அக்கா? மை இல்ல, கைநாட்டு இல்ல," என்றான்.

"ஏன் இல்ல? இப்பத்தான் எல்லாரும் கைநாட்டு. நீயுந்தான்."

நான் அன்று மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று பதிவு செய்வது நியாயம்.

மாதக் கடைசியில் சிஸ்டர் கம்ப்யூட்டர் கொடுத்த வருகைப் பட்டியலை உரக்கப் படித்தார். அந்தச் சனிக்கிழமைப் பையன் ஏறக்குறைய தினமும் வந்திருந்தான். அக்கா ஏறக்குறைய வரவே இல்லை.

"நான் வரலியா?" அக்கா கரண்டியை அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டார். "அப்ப இத்தினி நாளா கஞ்சி ஊத்தினது யாரு, அந்தப் பையனா?"

பட்டியல் பொய் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் மருத்துவமனை அலுவலகத்துக்குப் போக வேண்டியது அந்தப் பட்டியல்தான். சிஸ்டர் தன் பொறுப்பில் ஒரு வாரத்துக்கு மட்டும் பாஸ் எழுதிக் கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் பழையபடி பதிவேடும் ஸ்டாம்ப் பேடும்தான் என்றார். அக்கா பாஸை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். மை திரும்பி வந்தால் அவர் வரமாட்டார் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மேசைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். சனிக்கிழமைப் பையன் தொட்டது ஒரு நொடி, விரல் நுனியால். அக்கா அப்படித் தொடவில்லை. கட்டைவிரலின் இடது ஓரத்தைத் தன் முகத்தின்மேல் பதித்து, அழுத்தி, நிதானமாக வலது ஓரம்வரை உருட்டி எடுத்தார். ரேஷன் கடையிலும் பத்திர ஆபீசிலும் உருட்டச் சொல்லி உருட்டச் சொல்லி வந்த பழக்கம். நான் எழுதிய புரோகிராம், விரல் எங்கே இறங்கியது என்று பார்க்காது. எங்கே திரையை விட்டு விலகியது என்று பார்க்கும். விலகிய இடத்தில், அக்காவின் போட்டோவுக்கு வலது பக்கத்துப் போட்டோவில், சனிக்கிழமைப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். வருகை பதிவானதற்கு அடையாளமாக அவன் முகத்தின் ஓரம் ஒரு கணம் பச்சையானது. அக்கா அதற்குள் அண்டாவிடம் போய்விட்டார்.

"அக்கா, உருட்டாதீங்க. சும்மா ஒரு தட்டு."

தட்டினார். பிலிமுக்கு அது போதவில்லை. இரண்டாவது முறை அழுத்தினார். அழுத்தியதும் விரல் தானாக உருண்டது.

"அது கேக்கமாட்டேங்குது தம்பி," என்று விரலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

கைநாட்டு வைத்துப் பழகிய மற்றவர்களையும் கவனித்தேன். எல்லோரும் உருட்டினார்கள். அவர்களுடைய வலது பக்கத்து ஆட்கள் எல்லோரும் நல்ல வருகை வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வேலை செய்தேன். விரல் இறங்கிய இடத்தையே கணக்கில் எடுக்கும்படி புரோகிராமை மாற்றினேன். சதுரம் சதுரமாக இருந்த போட்டோக்களைக் கலைத்து, ஒரு ஆளுக்கு ஒரு பட்டையாக, திரையின் முழு அகலத்துக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். இனி எவ்வளவு உருட்டினாலும் விரல் சொந்தப் பட்டையை விட்டுப் போகாது. ஒரு திரைக்கு ஐந்து பேருக்குமேல் அடங்கவில்லை. மற்றவர்களைப் பார்க்க ஓரத்தில் ஒரு அம்புக்குறி வைக்க வேண்டியதாயிற்று. அந்த அம்புக்குறியை யார் எப்படி உருட்டப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை கஞ்சிக்கு முன்னால் சோதனை. அக்காவின் பட்டையை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மேலிருந்து இரண்டாவதாக. முதலாவதில் யாரும் இல்லை, வெறும் வெள்ளை. விரல் கொஞ்சம் மேலே பட்டாலும் யாருக்கும் வருகை போகாது. அதுவும் சரிப்படாவிட்டால், செவ்வாய்க்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போய், அழுத்தவே தேவையில்லாத அந்த ஒளிக்கோட்டுச் சட்டத்தையும், கூடவே ஈயை விரட்ட ஒரு மேசை ஃபேனையும் வாங்கி வருவதாக உத்தேசம்.