பூண்டு வாங்காத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மீன் குழம்பு வைக்கப்போவதாக அறிவித்துவிட்டு அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். ஒரு கைப்பிடிப் பூண்டை எடுத்து இடிகல்லில் நசுக்கினார். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த நான், என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிவதற்குள், குளியலறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து அவர் பக்கத்தில் நின்றேன். அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குழம்புக்கு இவ்ளோ தண்ணியா?"

சிரித்துச் சமாளித்தேன். எங்கள் வீட்டில் பூண்டு உண்டு. வாங்குவதும் நான்தான், உரிப்பதும் நான்தான். ஆனாலும் பச்சைப் பூண்டு நசுங்கும்போது வருகிற அந்த முதல் வாடை, நான் எதிர்பாராத நேரத்தில் மூக்கில் ஏறினால், என்னை ஓர் ஆட்டோவின் பின் இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நைனா என்றால் என் அப்பா. மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பதினேழு வருடம் கழித்துப் பென்ஷனோடு திரும்பி, கல்பாக்கத்துக்கு வடக்கே கடலோரச் சாலையை ஒட்டி இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டினார். ஊரில் அவருக்குப் பெயர் மிலிட்டிரி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. அதுவரை வருடத்துக்கு ஒருமுறை டிரங்குப் பெட்டியோடு வந்து போகிற மீசைக்காரர் ஒருவர், திடீரென்று தினமும் வீட்டில் இருக்க ஆரம்பித்தார்.

அம்மா காலை ஆறு மணிப் பேருந்தில் அணுபுரத்துக்குச் சமையல் வேலைக்குப் போய்விடுவாள். எனக்குத் தலை பின்னிவிடுவது நைனாதான். அவர் பின்னிய சடை பட்டாளத்துச் சடை. சாயங்காலம் வரை ஒரு முடிகூட அணிவகுப்பை விட்டு விலகாது. புருவம் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டிருக்கும். வகுப்பு முழுக்க நான் ஏதோ ஆச்சரியப்பட்டதுபோலவே உட்கார்ந்திருப்பேன். என் சீருடைக்குப் பெட்டி போடுவார், அம்மாவின் செருப்புக்கு வார் தைப்பார், ஞாயிற்றுக்கிழமை நாஸ்தாவுக்குச் சப்பாத்தி போடுவார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அவர் சாப்பிடமாட்டார். சொல்லிக்கொண்டு அல்ல, சும்மா தட்டைத் தொடமாட்டார்.

ஆனால் அவரிடம் எங்களுக்குப் புரியாத சில சட்டங்கள் இருந்தன. முன்வாசலில் ஒன்று, பின்வாசலில் ஒன்று என்று இரண்டு வாளிகள் எப்போதும் தண்ணீர் நிரம்பி நிற்க வேண்டும். கடற்கரையில் நடந்தால் அவர் முன்னால், நாங்கள் பின்னால். மணலில் இரும்பாக எது கிடந்தாலும் தொடக்கூடாது, ஆணியாக இருந்தாலும் சரி. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், வீட்டுக்குள் பூண்டு வரக்கூடாது.

எங்கள் தெருவில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. கருவாடும் மாட்டுக்கறியும் மணக்கிற தெருவில் பூண்டில்லாத ரசம்! "இன்னா மிலிட்டிரி, ஐயமாரு வூட்டு சமையலா?" என்று கேட்பார்கள். அம்மாவும் புலம்பிப் பார்த்தாள். ஒருமுறை அவருக்குத் தெரியாமல் ஊறுகாயில் நான்கு பல் போட்டுவிட்டாள். ஜாடியைத் திறந்த நைனா சத்தம் போடவில்லை. எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு முழுக்க வியர்த்திருந்தது. அம்மா ஜாடியைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டினாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

எங்களுக்கு மூன்றாவது வீடு கஜாவுடையது. பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்கி விற்கும் காயலாங்கடைக்காரர். வாய் ஓயாத மனிதர், நைனாவை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது; செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கடல் பொங்கி அடங்கியது. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மேகம் விலகாத காலை. நைனா வாசலில் என் வேலைச் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கஜா வீட்டுப் பக்கமிருந்து டங், டங் என்று சுத்தியல் சத்தம் கேட்டது. அது தினமும் கேட்கிற சத்தம்தான். ஆனால் நைனாவின் கை நின்றது. தலையைத் தூக்கிக் காற்றை மோந்தார்.

"பாப்பா, எவனாச்சும் பூண்டு நசுக்கறானா?"

"இல்ல நைனா."

செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

கஜாவின் தகரக் கொட்டகையில், பெரிய பிளாஸ்க் அளவுக்கு ஓர் அலுமினிய உருளை கிடந்தது. அதன்மேல் அழிந்துபோன சிவப்புப் பட்டை. விடியற்காலையில் கரையில் ஒதுங்கியிருந்ததைக் கஜா தூக்கிவந்திருக்கிறார். கப்பலிலிருந்து கடலில் அடையாளம் காட்டுவதற்காகப் போடுகிற புகைக்குப்பி அது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உள்ளே இருந்தது பாஸ்பரஸ்; காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும், பூண்டு வாடை அடிக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க அதன் மூடியை அவர் உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டகையின் மறுமூலையில் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கஜாவின் மனைவி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள்.

"கஜா, சுத்தியல கீழ வெச்சிடு," என்றார் நைனா. குரலை உயர்த்தவே இல்லை. "மெதுவா வெச்சிட்டு இந்தாண்ட வா."

"இன்னா அண்ணாத்த, பேஜாரு பண்ற? உள்ள செம்பு கீதுன்னு..."

அவர் முடிப்பதற்குள் மூடி பெயர்ந்தது. வெள்ளைப் புகை. சீறிக்கொண்டு ஏதோ தெறித்தது. கஜா மல்லாந்து விழுந்தார். தெறித்த துண்டுகளில் ஒன்று தூளியின் புடவையில் ஒட்டிக்கொண்டு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. நைனா புகைக்குள் நுழைந்தார். எரிகிற துண்டை வலது கையால் புடவையிலிருந்து பிய்த்தார், இடது கையால் குழந்தையை அள்ளி என்மேல் ஏறக்குறைய எறிந்தார். பிறகு கஜாவின் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துவந்தார்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. கஜாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். நைனா வீட்டுக்கு நடந்துவந்து, முன்வாசல் வாளியில் வலது கையை முழங்கை வரை முக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "எல்லாரும் தூரப் போங்க. கொட்டாயில மண்ண வாரிப் போடுங்க, யாரும் கிட்ட போவாதீங்க," என்று தெருவுக்குக் கட்டளை கொடுத்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார். "பாப்பா, இந்தக் கை தண்ணிய வுட்டு வெளிய வரக்கூடாது. நான் மயங்கிட்டாலும் வரக்கூடாது. புரிதா?"

கஜாவின் மச்சான் ஆட்டோ கொண்டுவந்தான். நைனாவின் மடியில் வாளி, அவருக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் அழுதுகொண்டே கஜா. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் முப்பது கிலோமீட்டர். ஒவ்வொரு வேகத்தடையிலும் தண்ணீர் சிந்தியது. நான் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு ஊற்றியபடியே வந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்கு முன் குடம் காலியாகிவிட்டது. அடுத்த பள்ளத்தில் வண்டி குதித்ததில் வாளி சாய்ந்து, கை வெளியே வந்தது.

அதை எப்படிச் சொல்வது? நெருப்பே இல்லை. ஈரத் தோலிலிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. ஆட்டோ முழுக்கப் பூண்டு வாடை. நைனாவின் பல் நெறிபடும் சத்தம் இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்டது. நான் என் ஈரத் தாவணியைக் கையில் சுற்றி அழுத்திப் பிடித்தேன். டீக்கடை முன் வண்டி நின்றது. கடைக்கார அம்மாள் ஒரு கேள்வி கேட்காமல் குடிநீர் டிரம்மை அப்படியே சாய்த்து வாளியை நிரப்பினாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வண்டி கிளம்பியதும் நைனா கண்ணை மூடிக்கொண்டு பேசினார். பட்டாளத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அந்த ஒரே ஒரு முறைதான்.

"எங்கூட ஒருத்தன் இருந்தான் பாப்பா. ராயக்கோட்டைக்காரன். இதே மாரி கைல பட்டுச்சு. தண்ணில வெச்சதும் அணஞ்சிச்சு. அணஞ்சிடுச்சுடான்னு நான்தான் சொன்னேன். கைய எடுத்துத் தொடச்சான்." கையை வாளிக்குள் இன்னும் ஆழமாக முக்கினார். "காஞ்சதும் திரும்பப் பத்திக்கிச்சு. சட்டைக்கு ஏறிச்சு. நான்தான் சொன்னேன், எடுன்னு."

கஜா இன்னும் பலமாக அழுதார்.

"புள்ள நல்லா கீதா கஜா?" என்று கேட்டார் நைனா.

"நல்லா கீது அண்ணாத்த."

"அப்ப அழுவாத."

ஆஸ்பத்திரியில் கையைத் தண்ணீரில் வைத்தபடியே, சதையில் ஒட்டியிருந்த பாஸ்பரஸைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் போயின. மீதி விரல்கள் மடங்கவில்லை. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுவாள், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். புகை நெஞ்சுக்குள் போயிருந்தது. இருமல் தொடங்கியது. தெருவில் பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே வைத்தியம் சொன்னார்கள், பூண்டுப் பால். ஒவ்வொருவர் சொல்லிவிட்டுப் போனதும் நைனாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிப்பு இருமலாக மாறும். மூன்றாவது மழைக்காலத்தில் அந்த இருமல் அவரைக் கொண்டுபோயிற்று.

கஜா காயலாங்கடையை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு மூடிவிட்டார். பிறகு கல்பாக்கம் சந்தையில் காய்கறி விற்றார். நைனா போன பிறகு, மழை விட்ட ஒவ்வொரு காலையிலும் கரையோரம் தனியாக நடப்பார். கையில் ஒரு கட்டுச் சவுக்குக் குச்சி. இரும்பாக எது ஒதுங்கியிருந்தாலும் பத்தடி தள்ளிச் சுற்றிலும் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, போலீசுக்குப் போன் செய்வார். "இன்னா கஜா, பழைய டிரம்முக்குக் காவலா?" என்று கேலி செய்தார்கள். வாய் ஓயாத அந்த மனிதர் தலை நிமிராமல் அடுத்த குச்சியை நடுவார்.

சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் வீடு போயிற்று. முன்வாசல் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் போகின்றன. எதிர்ப்பக்கம் கடல் ஏறிவந்து, கஜாவின் கொட்டகையையும் அதற்குப் பின்னாலிருந்த சவுக்குத் தோப்பையும் தின்றுவிட்டது. கஜா மகளோடு மதுராந்தகத்துக்குப் போனார். போன மாசியில் அங்கேயே இறந்துபோனார். கரை இருந்த இடத்தில் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அவற்றின்மேல் ஏறி நின்று, வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள் படம் எடுத்துக்கொள்கின்றன. அங்கே இப்போது ஒரு சிவப்புத் துணியும் இல்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது. அந்தப் பக்கம் நல்ல மழை என்கிறார்கள்.