மூக்கு வரைக்கும் வந்த படம்

ஆற்றுப் பாலத்துப் பக்கம், உரக்கடை மாடியில் எங்கள் கம்பெனி. நாங்கள் இரண்டு பேர், கம்ப்யூட்டர் இரண்டு, டெலிபோன் ஒன்றே ஒன்று. யூரியா வாசனைக்குள் உட்கார்ந்து, தமிழிலேயே மின்னஞ்சல் அனுப்ப ஒரு மென்பொருள் செய்திருந்தோம். எழுத்துருவும் நாங்கள் வரைந்ததுதான். ‘ழ’வின் வாலுக்காக நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம்.

இன்டர்நெட்டும் அந்த ஒரே டெலிபோன் வழியாகத்தான். இணைப்பில் இருக்கும்வரை யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. இரண்டாவது லைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

கூட்டாளி மேலப்பாளையத்துக்காரன். அவன் தெருவில் பாதி ஆண்கள் வளைகுடாவில். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதுவார்கள். ஜும்மா தொழுகை முடிந்ததும், வந்த அஞ்சலைப் பார்க்கப் பெண்கள் எங்கள் மாடிப்படி ஏறுவார்கள்.

சென்னைக் கம்பெனி ஒன்று மென்பொருளை வாங்கி, எங்களுக்கும் இந்த ஊரிலேயே வேலை தருவதாக இருந்தது. நடந்தால் அவன் விசாவுக்கு அலைய வேண்டாம். முடிவு சொல்ல வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள். வேறு நாள் கேட்க எங்களுக்குத் தோன்றவேயில்லை.

அன்று கைக்குழந்தையோடு ஒரு பெண். பிள்ளை பிறந்தபின் ஊருக்கு வராத புருஷன் படம் அனுப்பியிருந்தார். கோடு கோடாக இறங்கியது. முடி. நெற்றி. புருவம். மணி மூன்று. இணைப்பைத் துண்டிக்க நான் டெலிபோன் வயரைப் பிடித்தேன்.

“இருலே. மூக்கு வரைக்கும் வந்துட்டு. இப்பம் புடுங்குனா திரும்ப முடியிலேர்ந்துல்லா ஆரம்பிக்கணும்” என்றான் கூட்டாளி.

“சென்னைக்காரன் கூப்புடுவான்லே.”

“லைன் கிடைக்கலன்னா திரும்பக் கூப்புடுதான்.”

அந்தப் பெண் பைய, “மீசை வச்சிருக்காவளான்னு பாத்துட்டுப் போயிருதேன் தம்பி” என்றாள்.

“மீசை வராம இவன் எங்கயும் போவ மாட்டான், லாத்தா” என்றான் கூட்டாளி, என்னைக் காட்டி.

வயரை விட்டேன். மீசை இருந்தது. பிள்ளை திரையைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டது.

மூன்றரைக்கு நாங்களே கூப்பிட்டோம். அந்த முனையில் சிரித்தார்கள். “இன்டர்நெட் கம்பெனி நடத்துறீங்க, போன் கிடைக்கலையே சார்.” அப்புறம் பேசலாம் என்றார்கள். பேசவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியைக் காலி செய்தோம். அவன் விமானம் ஏறினான்.

அந்தப் பிள்ளையின் விரலை நினைத்தால் விட்டது சரி. தன் பிள்ளைகள் வளர்ந்ததைப் படமாகவே பார்த்த அவனை நினைத்தால், இழுத்திருக்கலாம். பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கை தானாக மடங்குகிறது, வயரைப் பிடித்த மாதிரி.

வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருகிறான். நரைத்துவிட்டான். இணைப்பு இழுத்து முகம் அப்படியே நின்றுபோகும், குரல் மட்டும் வரும்.

“எதுவரைக்கும்லே வந்திருக்கேன்?”

“மூக்கு வரைக்கும்.”

“அப்போ புடுங்கிராத.”