அண்ணியின் தோள் மட்டும் நனையவில்லை

குழந்தைக்குப் பத்தாவது வாரம். ஒரு புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்த நான் முதலில் கேட்டது, பாட்டிலில் வைத்திருந்த பாலை முழுவதும் குடித்தாளா என்று. குடித்தாள் என்றாள் அண்ணி. ஏப்பம் வந்ததா என்றேன். இரண்டு வந்தது, அதில் ஒன்று பெரிய மனுஷி ஏப்பம் என்றாள். அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். கக்கினாளா?

"என்கிட்ட எங்க கக்கறா? ஒரு சொட்டுகூட இல்ல."

வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "அக்கா தோள்ல என்னவோ வித்தை இருக்கு. உன்கிட்ட வந்தாதான் குழாயத் திறந்துவிட்ட மாதிரி எல்லாம் வெளிய வருது."

அண்ணி சிரிக்கவில்லை. குழந்தையின் கழுத்தைத் தாங்கி என்னிடம் நீட்டினாள். நான் "சரி" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன். உள்ளே போய்ப் பால் கொடுத்துத் தோளில் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தோளிலிருந்து முதுகு வரை வெதுவெதுப்பாக வழிந்தது.

அண்ணி என் கணவரின் அக்கா. வயது நாற்பத்து மூன்று. கடைவீதியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் உலர்சலவைக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். துவைப்பது, தேய்ப்பதெல்லாம் மற்றவர்கள். அவளுடையது கறை மேசை. கடைக்கு வரும் துணி எதுவானாலும் முதலில் அவளிடம்தான் வரும். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், நகத்தால் லேசாகச் சுரண்டுவாள். பிறகு சின்னத் தூரிகையை எடுப்பாள். அந்தத் தெருவில் அவளுக்குக் கறை அக்கா என்றுதான் பெயர். புதிதாக வருபவர்கள் அது கோபமூட்டுமோ என்று தயங்குவார்கள். அவளோ ஒரு பட்டம்போல அதை ஏற்றுக்கொண்டிருந்தாள்.

கறை எதுவென்று ஆட்கள் பொய் சொல்வது அவளுக்குப் பழகிவிட்டது. ஒருமுறை ஒருவர் சட்டையின் கழுத்துப்பட்டையைக் காட்டி, சிவப்பு மை கொட்டிவிட்டது என்றாராம். அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மை இப்படி உதடு மாதிரி கொட்டாது சார். பரவாயில்ல, சீட்டுல மைன்னே எழுதிக்கறேன்" என்றாளாம். வாரம் முடிவதற்குள் சட்டை வெள்ளை வெளேரென்று அவர் கைக்குப் போய்விட்டது. அந்த மேசையின் எழுதாத விதி ஒன்று உண்டு. கொடுத்தவர் கண்ணில் அந்தக் கறை இரண்டாம் முறை படக் கூடாது.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் தனியாக வந்துவிட்டாள். குழந்தை இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரே அறை கொண்ட வீட்டில் இருந்தாள். எங்கள் குழந்தை பிறந்ததும் கடையில் காலை ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மதியம் இரண்டரைக்கு எங்கள் வீட்டு மணி அடிக்கும். அவள் கையில் எப்போதும் ஒரு பெரிய துணிப்பை. கை கழுவிவிட்டு நேராகக் குழந்தையிடம் போவாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றோடு வரும் வழிமுறைத் தாள்களைத் தமிழில் எழுதித் தருவது என் தொழில். இரண்டு மொழியில் படித்ததன் பலன் அது. 'நிரப்புக்கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள்' என்று எத்தனை முறை எழுதியிருப்பேனோ தெரியாது.

கதவுக்கு வெளியே அண்ணி நடக்கும் சத்தம் கேட்கும். பத்தொன்பது வருடம் நின்றே வேலை பார்த்தவள், உட்காரவே மாட்டாள். குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பாள். இடையிடையே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைப்பேன். 'அந்த வீட்டுக்காரர் கோட்டுல என்ன இருந்துச்சு தெரியுமா' என்று குழந்தையிடம் கடைக் கதையெல்லாம் சொல்வாள். குழந்தை பதில் சொல்வதுபோல் ஒரு சத்தம் கொடுக்கும். என்னிடம் அந்தச் சத்தத்தை அது கொடுத்ததே இல்லை. ஒரே வரியை நாலு தடவை அடித்து எழுதுவேன்.

அவள் கொடுப்பதும் என் பால்தான். காலையில் நான் பீய்ச்சி வைப்பது. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதே பால் அவளிடம் தங்குகிறது, என்னிடம் தங்கவில்லை என்றால் குறை பாலில் இல்லை, என்னிடம்தான் என்றாகிறது. என் மடி சரியில்லை, என் பிடி சரியில்லை, என்னைக் குழந்தைக்கே பிடிக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்ற சொல்லை அதுவரை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். அது நிஜமாகவே வயிற்றில்தான் எரிகிறது.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். குழந்தை கக்கியதும், வயிறு காலியாகிவிட்டது என்று உடனே இன்னொரு முறை பால் கொடுத்தேன். அது கக்கினால் மறுபடியும். ஒரு வாய்ப் பாலாவது என்னிடம் தங்கட்டும் என்ற வீம்பு. அண்ணி வருவதற்குள் என் சட்டை மூன்றாவது முறை மாறியிருக்கும். அவள் என் புதுச் சட்டையைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்காததும் என்னைக் குத்தியது.

அந்தப் புதன்கிழமை சாப்பிடும்போது என் கணவர் ஒரு யோசனை சொன்னார். அடுத்த மாதம் நான் அலுவலகம் போயாக வேண்டும். அதற்கு முன்பே நேரடியாகப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு முழுவதும் பீய்ச்சி பாட்டிலில் வைத்துவிடலாம், அக்காவே எல்லா வேளையும் பார்த்துக்கொள்ளட்டும், குழந்தையும் கக்காமல் இருக்கும், நானும் ஓய்வெடுக்கலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை எடை பார்க்க மருத்துவமனைக்குப் போகும்போது கேட்டு முடிவு செய்யலாம் என்றேன். குழந்தைக்கு நான் நேரடியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் நான் அந்த வீட்டில் பால் கொண்டுவந்து வைக்கும் ஆள்தான்.

சனிக்கிழமை அண்ணிக்கு விடுமுறை. நானும் வரேன் என்று அவளே கிளம்பி வந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

காத்திருக்கும் இடத்தில் குழந்தை அழுதது. பால் கொடுத்தேன். எங்கள் முறை வந்து எடைத் தட்டில் போட்டு எடுத்ததும், நான் பையிலிருந்து காகிதங்களைத் தேடுவதற்குள் அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த செவிலியர் அட்டையில் எடையைக் குறித்தபடி என்ன பிரச்சினை என்று கேட்டார். என்னிடம் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கக்குகிறாள், அத்தையிடம் ஒருமுறைகூட இல்லை என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. அண்ணியின் தோளில் வெள்ளையாக வழிந்தது.

அவள் கை தானாக வேலை செய்தது. பையிலிருந்து ஒரு துண்டு வந்தது, குழந்தையின் வாயை ஒற்றியது, தன் தோளை ஓரத்திலிருந்து நடுவாக ஒற்றியது, ஈரம் உள்ளே போகும்படி மடங்கிப் பைக்குள் போனது. இன்னொரு உலர்ந்த துண்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதன் பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"கை நல்லா பழகியிருக்கே" என்றார் செவிலியர். "ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

அண்ணி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "மதியத்துல நாலு. சில நாள் அஞ்சு."

"எவ்வளவு வரும்?"

அண்ணி பையை விரித்துத் துண்டைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். "இது ஒரு ஸ்பூன்கூட இருக்காது சிஸ்டர். பால் துணியில விழுந்தா பரவும். பாக்கறதுக்கு அரைக் குவளை மாதிரி இருக்கும். எங்க கடையில தினம் பாக்கறேன்."

செவிலியர் அதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். இதை எல்லா அம்மாக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றார். அங்கேயும் பாராட்டு அவளுக்குத்தான். ஆனால் அந்த நிமிடம் எனக்குள் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் குழந்தை அவள் மேலும் கக்குகிறது என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரிசு வாங்கினவள்போல் இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.

செவிலியர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "இரைப்பை வாசல்ல ஒரு தசை இருக்கு. இந்த வயசுல அது சரியா மூடாது. வயிறு நெறஞ்சா மேல வரும். யார் தோள்னு அதுக்குத் தெரியாது." எடை நன்றாக ஏறியிருக்கிறது, கக்கிவிட்டும் சிரிக்கிறாள், ஒன்றுக்குப் போய் நனைக்கும் துணிகளும் குறையவில்லை, அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார். குழந்தை கக்கினதும் நான் திரும்பத் திரும்பப் பால் கொடுத்ததைக் கேட்டதும் தலையை ஆட்டினார். நிரம்பின குடத்தில் மேலும் ஊற்றினால் வழியாமல் என்ன செய்யும் என்றார். நிரப்புக்கோடு பற்றி நாள் முழுவதும் எழுதுகிறவளுக்கு அது தோன்றவில்லை. அடுத்த வேளை வரை பொறுக்க வேண்டும், கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தி ஏப்பம் எடுக்க வேண்டும், முடிந்ததும் இருபது முப்பது நிமிடம் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், இடுப்புத் துணியை வயிறு அழுந்தக் கட்டக் கூடாது. கக்குகிறாள் என்பதற்காகக் குப்புறவோ பக்கவாட்டிலோ தூங்கவைக்கக் கூடாது, மல்லாக்கத்தான். பீய்ச்சி அடிப்பதுபோல் வாந்தி வந்தாலோ, பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எடை ஏறாவிட்டாலோ உடனே கொண்டுவரச் சொன்னார்.

நேரடியாகக் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார் அவர். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அதன்பின் கக்குவது பாதியாகக் குறைந்தது. எட்டாவது மாதம் உட்காரத் தொடங்கியபோது எப்போதாவது ஒருமுறை என்றானது. முதல் பிறந்த நாளுக்குள் நாங்கள் இருவருமே அதை மறந்துவிட்டோம். அண்ணி இன்னும் கறை மேசையில்தான் இருக்கிறாள். மாலையில் நான் அலுவலகத்திலிருந்து வரும்போது என் மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பாள், ஓடி வர மாட்டாள். எரிவது நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய்.

அந்தச் சனிக்கிழமை, மருத்துவமனையிலிருந்து வந்த அன்று மாலை, அண்ணி எங்கள் சமையலறைக் குழாயடியில் அந்தத் துண்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். பச்சைத் தண்ணீரில்தான் அலசுவாள், சுடுதண்ணீர் பட்டால் பால் கறை துணியில் ஊறி நின்றுவிடும் என்பாள். தினமும் கேட்ட குழாய்ச் சத்தம் எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. நான் கதவருகே நின்று, ஏன் அண்ணி மறைத்தீர்கள் என்று கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், அப்படி வரவில்லை.

அவள் துண்டைப் பிழியாமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். மூன்றாவது வாரம், அவள் வந்த முதல் நாள், குழந்தை அவள் தோளில் கக்கியதாம். நான் அறையிலிருந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேனாம். அதன்பின் இரண்டு நாள் அவள் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாளாம், குழந்தையை நான் கொடுக்கவே இல்லையாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை. பயத்தில் வாங்கியிருப்பேன். நான் அதிகம் பேசாதவள், அதையும் பேசாமல்தான் செய்திருக்கிறேன்.

"மூணாவது நாள் நீ குடுத்தப்ப, இனிமே உன் கண்ணுல படாம பாத்துக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். துண்டை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, இதுவரை என்னிடம் எதையுமே கேட்காதவள், ஒன்று கேட்டாள்.

"அவ என் மேல கக்கினா, உடனே வந்து வாங்கிடாதம்மா. நானே தொடச்சுவிட்டுட்டுத் தரேன்."