பார்சலுக்கும் பாப்பாவுக்கும் ஒரே ஹீட்டர்

எங்கள் தபால் அலுவலகத்தில் எரிகிற ஹீட்டர் பார்சலுக்காக எரிகிறதா, என் மகளுக்காக எரிகிறதா? இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கொடைக்கானலிலிருந்து கொஞ்சம் தள்ளி, சாலையோரத்தில் இருக்கிறது எங்கள் அலுவலகம். வாடகைக் கட்டிடம். முன்னால் கவுண்டர், பின்னால் தபால் பை கட்டும் அறை. போஸ்ட்மாஸ்டர் மேடம், தபால்கார அண்ணன், கவுண்டரில் நான். வேறு யாரும் கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது கீழே ஆயக்குடியில். கொய்யாத் தோப்பு வெயிலில் அலைந்தவளுக்கு இந்தக் குளிர் இன்னும் முழுதாகப் பழகவில்லை. எனக்கே இப்படி என்றால் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று ஓயாமல் யோசிப்பேன். அவள் கையைத் தொட்டுப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் பயம். சூடாக இருந்தால் காய்ச்சலோ என்று அதைவிடப் பயம்.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, தன் மகளின் பிரசவத்துக்காகப் பாச்சலூர் போய்விட்டார். என் கணவருக்கு வட்டக்கானலில் விடுதி வேலை. விடியும்போது போனால் இருட்டித்தான் வருவார். வேறு வழியில்லாமல் மேடத்திடம் கேட்டேன்.

"பை ரூம்ல படுக்கப் போடும்மா. கவுண்டர் பக்கம் மட்டும் விட்டுறாத" என்றார்.

மறுநாளே வீட்டு ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்போது அது என் மகளுக்காக மட்டும்தான் வந்தது. அதில் சந்தேகமில்லை.

மூடுபனி இறங்கும் மாதங்களில் இங்கே எல்லாமே நமுத்துப்போகும். மலைப்பூண்டும் காப்பிக்கொட்டையும் துணியில் பொதிந்து தைத்து வரும். அந்தத் துணி ஈரம் கோத்திருக்கும். பார்கோடு லேபிளை எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும், பை கட்டுவதற்குள் ஓரம் சுருண்டு விழுந்துவிடும். லேபிள் இல்லாத பார்சல் எந்த ஊருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் ஒருநாள் பூண்டுப் பார்சல் ஒன்றை ஹீட்டர் முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு லேபிளை ஒட்டினார். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து ஹீட்டருக்கு ஒரு பக்கம் என் மகள், மறுபக்கம் பார்சல்கள். ஒட்டாமல் விழுந்த லேபிள்களைப் பொறுக்கித் தன் ஸ்வெட்டரில் ஒட்டிக்கொள்வது அவளுக்கு விளையாட்டு.

இந்த நேரத்தில்தான் எங்கள் துறையின் செலவுக் கணக்கெடுப்பு வந்தது. தபால் கட்டணத்தை நிர்ணயிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு சேவைக்கும் உண்மையில் என்ன செலவாகிறது என்று பார்க்கிறார்கள். கட்டிடத்தில் கடிதத்துக்கு எவ்வளவு இடம், பார்சலுக்கு எவ்வளவு இடம், தராசும் பிரிண்டரும் ஸ்கேனரும் எதற்காக எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அதற்காகத் தேர்ந்தெடுத்த சில அலுவலகங்களில் எங்களுடையதும் ஒன்று. விவரம் எடுக்கும் பொறுப்பை மேடம் என்னிடம் கொடுத்தார்.

தராசு சுலபம். அதில் ஏறுவது என்ன என்று கண்ணால் பார்க்கலாம். கடிதங்களைப் பிரித்துப் போடும் தட்டும் சுலபம். அவர்கள் கொடுத்திருந்த பட்டியலில் ஹீட்டர் மட்டும் இல்லை. 'இதர உபகரணங்கள்' என்று கடைசியில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

எழுதாமல் விட்டால், பனி மாதத்தில் மலையிலிருந்து ஒரு பார்சல் அனுப்ப ஆகும் செலவு குறைவாகத் தெரியும். அது பொய்க்கணக்கு. எழுதினால், அது யாருடைய ஹீட்டர், ஏன் வந்தது என்று கேட்பார்கள். குழந்தை விஷயம் தெரியவரும். அவளை அலுவலகத்துக்குக் கூட்டிவரக் கூடாது என்று சொல்லிவிட்டால், நான் வேலையை விட வேண்டியதுதான். படித்துத் தேர்வெழுதி வாங்கிய வேலை.

முதலில் உண்மை எது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். கணவருக்கு விடுமுறை கிடைத்த ஒரு நாள், மகளை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். ஹீட்டரை நான் தொடவில்லை. பனி கனமாக இறங்கியது. முதல் பார்சல் வந்ததும் மேடமே போய் ஹீட்டரைப் போட்டார். ஆக, அது பார்சலுக்காக. பிறகு ஒருநாள் வெயில் நன்றாக அடித்தது, பார்சலும் வரவில்லை. காற்று மட்டும் குளிர்ந்தது. மகள் மூக்கை உறிஞ்சினாள். நான் போய் ஹீட்டரைப் போட்டேன். ஆக, அது அவளுக்காக. இரண்டும் சேர்ந்து இருக்கிற நாளில்? பாப்பா இல்லாவிட்டாலும் எரிந்திருக்கும், பார்சல் இல்லாவிட்டாலும் எரிந்திருக்கும். ஒரே சூடுதான். அதை எந்த இடத்தில் வெட்டுவது?

அண்ணனிடம் புலம்பினேன். "இதுக்குப் போயி மண்டையக் கொழப்பிக்கிட்டு இருக்கியே தாயி. வெரசா எதையாச்சும் எழுதிப்புட்டு சோலியப் பாரு" என்றார்.

அந்த 'எதையாச்சும்' எனக்கு வராது. அதுதான் என் பிரச்சினை.

அளவுகளைச் சரிபார்க்கக் கீழேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். இளைஞர். ஸ்வெட்டர் இல்லாமல் வந்ததில் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு கவுண்டரை அளந்தார். பிறகு பை அறைக்குள் போனார். சாக்குகளுக்குப் பின்னால், பாயில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் நாடாவை இழுத்துக்கொண்டே போய்ப் பாயின் விளிம்பில் நிறுத்தினார்.

"இந்த இடம் எதுக்குங்க மேடம்?"

"பார்சல் வைக்கிற இடங்க சார்" என்றார் எங்கள் மேடம், முகம் மாறாமல்.

அந்தச் சமயம் பார்த்து என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் நெஞ்சில் பார்கோடு லேபிள். அவள் அதிகாரியைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார்.

"புக் பண்ணியாச்சு சார்" என்றார் அண்ணன். "எடைதான் இன்னும் போடல."

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். ஹீட்டர் என்னுடையது, மகளுக்காக வந்தது, பிறகு லேபிள் ஒட்டவும் அதைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டோம், எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை. சொல்லச் சொல்ல, ஏன் சொல்கிறோம் என்றும் தோன்றியது. அவர் கேட்டுக்கொண்டே ஹீட்டர் பக்கம் நகர்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சார், இப்ப நீங்க கை காய வைக்கிறதை எந்தக் கணக்குல எழுதணும்?" என்று கேட்டார் அண்ணன்.

"சும்மா இருங்கண்ணே" என்றேன், வெட்கத்தோடு.

"அவர் கேக்கறது நியாயந்தான்" என்றார் அதிகாரி. கைகளை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க மேடம். கீழ உக்காந்திருக்கவங்களுக்கு இங்க லேபிள் ஒட்டாதுன்னு எப்படித் தெரியும்? குழந்தையப் பத்தி நான் எதுவும் கேக்கல. நான் வந்தது கட்டடத்தையும் மெஷினையும் அளக்க."

எழுதினேன். 'பனிக்காலத்தில் பார்சல் உறை உலர்த்த ஹீட்டர், ஊழியரின் சொந்தப் பொருள்' என்று. அனுப்பிய பிறகும், 'சொந்தப் பொருள்' என்று எழுதியிருக்க வேண்டாமோ என்று பல நாள் யோசித்தேன்.

இப்போது பதில் வந்திருக்கிறது. கோபமான பதில் இல்லை. இந்தச் செலவைச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்களாம். தேவை உறுதியானால் அலுவலகத்துக்கே ஒரு ஹீட்டர் கிடைக்கலாம் என்று அந்த அதிகாரி தொலைபேசியில் சொன்னார். மேடத்துக்குச் சந்தோஷம். "அப்ப உன் ஹீட்டரை வீட்டுக்குக் கொண்டு போயிரலாம். பாப்பா இங்கயே கெடக்கட்டும்" என்கிறார். ஆனால் பதிலில் ஒரு கேள்வியும் இருக்கிறது: ஹீட்டர் எரியும் நேரத்தில் பார்சலுக்கான பங்கு எவ்வளவு, மீதி எதற்கு?

முழுவதும் பார்சலுக்கு என்று எழுதினால், பூண்டு அனுப்புகிறவர்கள் கொடுக்கும் கட்டணத்தில் என் மகள் குளிர்காய்ந்த மாதிரி ஆகும். பாதி என்று எழுதினால், மறுபாதிக்குக் காரணமாகக் குழந்தையைக் காகிதத்தில் எழுத வேண்டும். எழுதியதைப் படிக்கப்போவது சிரித்துக்கொண்டே கை காய வைத்த அந்த மனிதராக இருக்காது. நான் எது எழுதினாலும் கையெழுத்துப் போடுவதாக மேடம் சொல்லிவிட்டார். அது தைரியமாகவும் இருக்கிறது, பாரமாகவும் இருக்கிறது.

இதை வாசிப்பவர்களில் செலவைப் பங்கு பிரிக்கப் படித்தவர்கள் இருப்பீர்கள். குழந்தையை வேலைக்குத் தூக்கிப்போன அம்மாக்களும் இருப்பீர்கள். நான் பதில் எழுத இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. பார்சலும் குழந்தையும் சேர்ந்து இருந்த அந்த நாட்களின் சூட்டை நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள்? மீதி எதற்கு என்ற கேள்விக்கு, பொய் சொல்லாமலும் அவளைக் காட்டிக்கொடுக்காமலும் என்ன எழுதலாம்? தெரிந்தால் சொல்லுங்கள்.