லாபத்தில் தொடங்கிய எட்டுச் சுற்று

எங்கள் பைக் பந்தய அணியில் மூன்றே பேர். என் தங்கை மகள் வண்டி ஓட்டுவாள். என்னோடு படித்த மெக்கானிக் வண்டியைப் பார்த்துக்கொள்வான். நான் பயப்படுவேன். அந்த வேலைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தோம். மற்ற நாளில் எனக்கு அருப்புக்கோட்டையில் தானியக் கடை.

அணியின் வரலாற்றை எழுத ஒரு நோட்டு உண்டு. அதுவரை அதில் மூன்று பந்தயங்கள், மூன்றுக்கும் எதிரே "முடிக்கவில்லை". முதலாவதில், தீப்பிடித்துவிடுமோ என்று பயந்து பெட்ரோல் குழாயை மூடிவைத்த நான் திறக்க மறந்துபோனேன். இரண்டாவதில் செயின் அறுந்தது. அதில் எனக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னதை இன்றுவரை யாரும் நம்பவில்லை. மூன்றாவதில் மழை. கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, வண்டி நட்டுவைத்த மாதிரி நின்றது.

நான்காவது பந்தயம் பரளச்சிப் பக்கம், ஒரு தரிசுக் காட்டில். எட்டுச் சுற்று, பதினோரு வண்டி. ஒரு பந்தயத்தையாவது முடித்த அணிக்குத்தான் அடுத்து வரும் பெரிய பந்தயத்தில் இடம் என்று சொல்லிவிட்டார்கள்.

"மாமா, இதையும் முடிக்கலன்னா விட்ருவேன்" என்றாள் மருமகள், ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டே. "மில்லுல லீவு கேட்டுக் கேட்டு எனக்கே வெக்கமா இருக்கு."

"முடிச்சிருவத்தா" என்றேன்.

எனக்கு ஒரே வேலை. சுற்றுகளை எண்ணி, கடைசிச் சுற்றுக்கு முன்னால் "கடைசி" என்று எழுதிய பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவளுக்கு எண்ணிக்கொண்டு ஓட்ட வராது. பலகையைத்தான் நம்புவாள்.

பந்தயத்துக்கு முன், பாதையைப் பார்த்துக்கொள்ள எல்லா வண்டிகளும் மெதுவாக ஒரு தடவை சுற்றி வரும். அது கணக்கில் சேராது. ஆனால் படியால் அளந்து பழகிய வாய் என்னுடையது. தானியம் அளக்கும்போது முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். அவள் அந்த வெறும் சுற்றை முடித்து என்னைக் கடந்ததும், பதற்றத்தில் என் வாய் "லாபம்" என்றுவிட்டது. பந்தயத்தின் முதல் சுற்றுக்கு "ரெண்டு". அப்புறம் மூணு, நாலு என்று ராகமாகப் போனது.

ஆறாவது சுற்று முடிந்தபோது என் கணக்கில் ஏழு. பலகையைத் தூக்கினேன்.

அவள் குனிந்தாள் பாருங்கள். புழுதிக்குள் ஒரு வண்டியைத் தாண்டினாள், வளைவில் இன்னொன்றை. ஆறாவதாக இருந்தவள் நான்காவதாகக் கோட்டைக் கடந்து, கையை உயர்த்தி, ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்தாள். நான் ஆடினேன்.

"ஏலே, கொடி எங்கலே?" என்றான் மெக்கானிக்.

கொடிக்காரர் எங்களை ஒருமாதிரி பார்த்தார். "அவுகளுக்கு இன்னும் ஒரு சுத்து இருக்குண்ணே."

என் உடம்பில் இருந்த ரத்தம் எல்லாம் செருப்புக்கு இறங்கியது. பலகையோடு ஓடினேன். பாதி வழியில் வேட்டி கழன்றது. அதைப் பிடிக்கப் பலகையைப் போட்டேன், பலகை தடுக்கி நானும் விழுந்தேன். கிடந்தபடியே விரலைக் காட்டி, "ஒண்ணு, ஒண்ணு" என்று கத்தினேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக, உதைத்தாள். சூடான இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுத் திறந்தபோது புழுதிதான் இருந்தது.

ஒன்பதாவதாக முடித்தாள்.

என்னிடம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். திட்டு வாங்கத் தயாராக வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"எப்பிடி எண்ணுன மாமா?"

சொன்னேன். மெக்கானிக் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அளவுல இவன் குறைச்சுப் போடுவான்னு எனக்கு எப்பவோ தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசின்னு நெனச்சதும் ஒரே சுத்துல ரெண்டு பேரத் தாண்டிட்டேன்" என்றாள். "அப்ப மொத சுத்துலருந்தே அப்பிடி ஓட்ட முடியும்ல?"

நாங்கள் இருவரும் பதில் சொல்வதற்குள், பெரிய பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் மேசையைத் தேடி நடந்துவிட்டாள்.