தண்ணீர் கலக்காதவள்

ஆறுமுகத்தாய் உழக்கில் பாலை அளந்து ஊற்றியதும் கையை எடுத்துவிட மாட்டாள். தூக்குவாளியைச் சாய்த்து இன்னும் ஒரு தாரை விடுவாள். அளவு குறைவது அவளுக்கு அவமானம். தண்ணீர் கலப்பது அதைவிட. அவள் பால் ஊற்றிய கோவில்பட்டித் தெருவில்தான் காவியா வளர்ந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகி, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்கும் சேர்ந்தாள்.

பங்குனியில் காய்ந்த பருத்திமார்க் குச்சி குத்தி ஆறுமுகத்தாயின் கால் புரையோடியது. மருத்துவர் ஜென்டாமைசின் ஊசி போட்டார். புண் வாடியது, முகம் வீங்கியது. அந்த ஊசி சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தொடரலாமா, நிறுத்தலாமா என்று பார்க்க, ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். சிறுநீரகம் ஒரு நாளில் வெளியேற்றிய கிரியாட்டினின் என்ற கழிவையும் ரத்தத்தில் தேங்கியதையும் வைத்துப் போடும் கணக்கு அது.

காவியா இரண்டு லிட்டர் கேனைக் கொடுத்து எல்லாம் விளக்கினாள். கேன் நிறைய வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அதையெல்லாமா சொல்வார்கள்?

கேன் கழுத்துவரை நிறைந்து வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு செம்புத் தண்ணீர் குடிப்பவளுக்கு இவ்வளவா என்று காவியாவுக்கு ஒரு கணம் இடித்தது. ஆனால் அளவு விஷயத்தில் ஆறுமுகத்தாயைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. ரத்தத்தில் கழிவு சற்றே கூடியிருந்தும், கணக்கு அருமையாக வந்தது. ஊசி தொடர்ந்தது.

ஆறாம் நாள் சிறுநீர் அநேகமாக நின்றுபோனது. திருநெல்வேலிக்குப் போகும் வேனில் ஏற்றும்போதுதான், கேன் எப்படி நிறைந்தது என்று காவியா கேட்டாள்.

“பாதிகூட வரலட்டி. அரைக் கேனை நீட்டுனா என்ன நினைப்பிய? மிச்சத்த மருமவ பொன்மணிய ரொப்பச் சொன்னேன்.”

“அதுக்குத் தண்ணியவாது ஊத்தியிருக்கலாமே, பெரியம்மா.”

ஆறுமுகத்தாய் முறைத்தாள். “இந்த வயசுல என்னையக் கலப்படம் பண்ணச் சொல்லுதியாக்கும்.”

தண்ணீர் ஊற்றியிருந்தால் கழிவின் மொத்த அளவு மாறியிருக்காது. கணக்கு உண்மையைச் சொல்லியிருக்கும். மருமகளின் கழிவும் சேர்ந்ததில்தான் மாமியாரின் சிறுநீரகம் தேறிவிட்டது. இதை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு எப்படி விளக்குவது?

“வெசனப்படாத. திரும்பி வந்து ஒரு நாளைக்குச் சரியாப் பிடிச்சுத் தாரேன்” என்று ஆறுமுகத்தாயே அவளைத் தேற்றினாள்.

திருநெல்வேலியில் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்குத் திசு எடுத்துப் பார்த்தார்கள். நுண்குழாய்கள் பெரும்பாலும் செத்திருந்தன. அதற்குக் கேன் எதுவும் தேவைப்படவில்லை.

அங்கே சேர்த்த பன்னிரண்டாம் நாள் அவள் இறந்துபோனாள். இப்போதெல்லாம் காவியா, “நிறையணும்னு இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் யாரிடமும் கேனைத் தருகிறாள். வேன் போன அன்று ஆறுமுகத்தாய் பெயரை ஒட்டி எடுத்துவைத்த கேன் மட்டும் மேசைக்கு அடியில் இருக்கிறது, வெறுமையாக.